எட்டு வரிசை

டவுன்ஹால் ரோட்டில், ரிப்பேர்க்கடை ஜெயக்கொடி
அந்தப் பெட்டியை நூற்றிருபது ரூபாய்க்குத் தந்தார்.
“கம்பெனிக்காரன் கைவிட்டது தம்பி.
படம் ஓடும், ஆனா திக்கும்.”

திக்கத்தான் செய்யும்.
படம் பிரிப்பதற்கென்றே உள்ளே ஒரு மூலை இருக்கிறது,
நகக்கண் அளவுச் சிலிக்கான்.
அதை எழுப்பத் தெரிந்த நிரல்
பூட்டிய கோப்பாக வந்தது,
பழைய கெர்னலோடு செத்துப்போனது.
இப்போது மூட்டை தூக்கவும் கணக்கு எழுதவும்
ஒரே ஆள்; அந்த ஆளுக்கு மூச்சு வாங்குகிறது.

கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
டிகோடர் அத்தியாயத்தில்
அட்டவணை முழுக்க ஒரே சொல்:
ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டது.
யாருக்கு என்று மட்டும் போடவில்லை.

டிரைவர் எழுதுகிறேன் என்றால்
“எந்த வண்டிக்கு?” என்கிறார் கீழ்வீட்டு பூமிநாதன்.
ஒத்தக்கடை மாடியறையில்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் ஒரு பிட்டைத் தூக்கி நிறுத்தி
என்ன ஆகிறதென்று பார்க்கிறேன்.
ஒன்றும் ஆகாது.
ஒன்றும் ஆகாது.
பெட்டி உறைந்துபோகும்.
பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடியும்.
‘பத்தொன்பதில் மூன்றாவது பிட்: தொடங்கு?’
என்று நோட்டில் எழுதினேன்.
அந்தக் கேள்விக்குறியை அடிக்க ஒன்பது நாள்.

சோதனைக்கு, மொட்டைமாடியில் நானே எடுத்த படம்.
மேல்விளிம்பில் கொடி, கொடியில் மஞ்சள் துண்டு,
நடுவில் யானைமலை,
அடியில் நரசிங்கம் ரோட்டுப் புழுதி, ஒரு லாரி.
பத்து விநாடி.
முதல் ஃபிரேம் மட்டும் முழுசு.
மற்றவை மாறியதை மட்டும் சொல்லும்.
லாரி நகர்ந்தது: சொல்லும்.
துண்டு ஆடியது: சொல்லும்.
மலைக்கு வந்தால் ‘அதே’ என்றுவிட்டுத் தாண்டிப்போகும்.
அத்தனை கல்லுக்கும் ஆகும் செலவு
அந்தத் துண்டின் ஓரத்துக்கு ஆவதைவிடக் குறைச்சல்.

இருபத்தாறாம் நாள் மலை வந்தது.
பச்சையாக.
வெறும் பூஜ்யங்களை நிறமாக்கினால்
கறுப்பு வராது, பச்சைதான் வரும்;
எந்த வயலிலும் நான் பார்த்திராத பச்சை.
அப்புறம் கல்லின் நிறம் வந்தது.
லாரியும் வந்தது.
துண்டு மட்டும் கிழிந்து கிழிந்து வந்தது,
இடையில் வரும் ஃபிரேம்களில்.

இந்த இடை ஃபிரேம்களுக்கு ஒரு குணம்.
பின்னால் வரப்போவதை முதலில் பிரித்து வைத்தால்தான்
இப்போதையதைப் பிரிக்க விடும்.
வரப்போவது என் கையில் இருந்தது.
போனதும் இருந்தது.
துண்டு கிழிந்துகொண்டே இருந்தது.

திருமங்கலத்தில் ருக்சானாவிடம் இதே பெட்டி.
பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவே போனில் கேட்டாள்:
“உயரம் என்ன வச்சிருக்கே?”
ஆயிரத்து எண்பது.
“பதினாறால வகு.”
அறுபத்தேழரை.
“அரைக்கட்டம் அதுக்குத் தெரியுமா?”

தெரியாது.
அறுபத்தெட்டாகவே பிரிக்கும்.
கூடுதலாக எட்டு வரிசை,
திரைக்கு வராது, ஒருத்தர் கண்ணிலும் படாது,
இருந்தாலும் எழுதும்.
நான் இடம் விடவில்லை.
பக்கத்தில் இருந்த அசைவுக் கணக்கின்மேல் ஏறி எழுதிவிட்டது.
துண்டு எந்தப் பக்கம் ஆடியது என்ற குறிப்பு
நரசிங்கம் ரோட்டுப் புழுதிக்கு அடியில் கிடந்தது.

ஒரு வரிதான் திருத்தம்.
அதன் தலைமேல் எழுதினேன்:
கையேட்டில் இல்லை. கண்டது ருக்சானா.
துண்டு ஆடியது. முழுத் துண்டு.
செயலி நான்கு சதவீதத்தில் சும்மா கிடந்தது.
விசிறி நின்றதும்தான் தெரிந்தது
இத்தனை நாள் அது சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடியிடம் ஓட்டிக் காட்டினேன்.
நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.
“காசில்லாமயா?”
காசில்லாமல்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
உள்ளே போய் அதே மாதிரிப் பதினோரு பெட்டிகளைத்
தூசு தட்டி மேஜைமேல் அடுக்கினார்.
ஒன்று நூற்றைம்பது என்றார்.